நாற்பது ஆகட்டும்

டிவியில் 'நேற்று நாற்பத்து நான்கு டிகிரி' என்று சிவப்பு எழுத்து ஓடியது. வானிலைக்காரர் பாய்ந்து அணைத்தார். அதற்குள் மனைவி படித்துவிட்டாள்.

தெருவில் அவருக்கு வானிலைக்காரர் என்றுதான் பெயர். வானிலை நிலையத்தில் வெப்பமானியைப் பார்த்துப் பதிவு செய்வது வேலை. போன மாதம் மனைவி ஏசி கேட்டபோது அவருடைய பெரிய அதிகாரிதான் வழி சொல்லிக்கொடுத்தார். "நாப்பது டிகிரி ஆகட்டும், வாங்கிடலாம்னு சொல்லுங்க. நான் அஞ்சு வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன்." இவரும் அப்படியே சொல்லிவைத்தார்.

"ஏங்க, கடைக்குக் கிளம்பலாமா?"

"அது டிவிக்காரன் கணக்கு. கொதிக்கிற தார் ரோட்டுல கருவியை வச்சுப் படம் பிடிக்கிறான். எங்க பதிவு முப்பத்தொன்பது புள்ளி ஆறு."

"மிச்சம் புள்ளி நாலை எங்கே ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

நிழலில் பார்த்தால் நம்புவாள் என்று கூடத்துச் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டினார். நாற்பத்தொன்று காட்டியது.

"இது நிழல்தானே?"

"நிழல்தான். ஆனா மேல மொட்டைமாடி, பக்கத்துல சுவரு. ரெண்டும் சூட்டைக் கக்குது. இதெல்லாம் கணக்குல வராது."

"கணக்குல வராமலே நான் வேகணுமா?"

சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தம்பி செல்போனோடு வந்தான். "அண்ணி, இதுல பாருங்க. உடம்புக்கு நாப்பத்தேழு மாதிரி இருக்குமாம்!"

"அது காத்துல இருக்கிற ஈரத்தையும் சேர்த்துச் சொல்றது தம்பி. நீ கொஞ்சம் வீட்டுக்குப் போறியா?"

"உடம்புக்கு நாப்பத்தேழு. ரோட்டுக்கு நாப்பத்துநாலு. வீட்டுக்கு நாப்பத்தொண்ணு. முப்பத்தொன்பது யாருக்குங்க?" என்றபடி மனைவி பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். அக்கா வீட்டில் ஏசி இருக்கிறது. "மழை பெய்ஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போங்க."

அவருக்கு வியர்த்தது. அது எந்தக் கணக்கிலும் வராத வியர்வை.

"ஒரே ஒரு தடவை ஆபீசுக்கு வா. கண்ணால பாரு. அப்பவும் நம்பிக்கை வரலைன்னா இன்னிக்கே ஏசி."

வந்தாள். பெட்டியும் வந்தது. சுமந்தது அவர்.

வெட்டவெளியில் நான்கு கால்களில் ஒரு வெள்ளை மரக்கூண்டு நின்றது. சுற்றிலும் சாய்ந்த பலகைகள். கீழே புல்.

"வெயில் நேரா படாது. காத்து மட்டும் நுழையும். உலகம் முழுக்க இதே ஏற்பாடுதான். ஒருத்தனும் இதுல விளையாட முடியாது." கூண்டுக் கதவைத் திறந்தார். உள்ளே வெப்பமானியில் முப்பத்தொன்பது புள்ளி நான்கு.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்றாள். கால் ஜில்லென்றிருந்தது. முகம் இளகியது.

"உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன். வாங்க, வீட்டுக்கே போகலாம்."

வானிலைக்காரர் நிமிர்ந்து நின்றார். பெட்டிகூடக் கனக்கவில்லை.

ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு தோட்டக்காரர் வந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க சார், கூண்டைச் சுத்தி இன்னொரு தடவை நனைக்கணும்; நாப்பதைத் தொட்டுட்டா பெரிய சார் அவரு வீட்டம்மாவுக்கு ஏசி வாங்கணுமாம்."