பச்சைப் பென்டிரைவ்

"இதுல இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும், சம்மதமான்னு கேக்குது," என்றார் சின்ன மாப்பிள்ளை.

"கேக்கட்டும், அமுக்குங்க சகலை. கல்யாணத்துக்கு மட்டும் ரொம்ப யோசிச்சா சம்மதம் சொன்னீங்க?" என்றார் சோபாவில் காலை நீட்டியிருந்த பெரிய மாப்பிள்ளை.

சின்னவர் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குகிற ஆள் இல்லை. மாமனாரின் பழைய கம்ப்யூட்டர் படுத்து ஒரு வாரம் ஆகிறது. அதில் புது சிஸ்டம் ஏற்ற ஒரு பென்டிரைவைத் தயார் செய்ய வேண்டும். காலையில்தான் மாமனார் பீரோவைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த பச்சைப் பென்டிரைவை எடுத்து நீட்டியிருந்தார்.

"இதுலயே பண்ணுங்க மாப்பிள்ளை. ஆனா என் புத்தகம் இதுக்குள்ளதான் இருக்கு. அஞ்சு வருஷமா ஒத்தை விரல்ல அடிச்சது. வேற எங்கயும் கிடையாது. முதல்ல அதைப் பத்திரமா எடுத்து வெச்சுக்குங்க."

"கவலையை விடுங்க மாமா."

சின்னவருக்கு ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் வேலை. பெண் பார்க்க வந்த அன்றே மாமனார் அதைக் 'கம்ப்யூட்டர் லைன்' என்று எடுத்துக்கொண்டு தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுத்துச் சொல்ல இவருக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. கிடைத்தபோது மனசு வரவில்லை. போதாததற்கு, "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாத மெஷினே இல்லப்பா" என்று மனைவி வேறு சற்றுமுன் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கல்யாணமாகி ஆறு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும்!

எனவே அவர் எல்லாவற்றையும் முறைப்படி செய்திருந்தார். மனைவியின் லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகி, 'புத்தகம்' என்ற ஃபைலை டெஸ்க்டாப்புக்கு அனுப்பி, அங்கே அது வந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்திருந்தார். பட்டியலில் இருப்பது லேப்டாப்பின் டிஸ்க்கா, பென்டிரைவா என்று மூன்று முறை சரிபார்த்திருந்தார். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து சம்மதத்தை அமுக்கினார்.

பச்சைக் கோடு நகர்ந்தது. கால் மணி நேரத்தில் 'தயார்' என்றது.

"பாத்தீங்களா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். சும்மா ஒரு திருப்திக்காக டெஸ்க்டாப்பில் இருந்த புத்தகத்தைத் திறந்தார்.

'ஃபைல் கிடைக்கவில்லை' என்றது லேப்டாப்.

மறுபடி திறந்தார். மறுபடியும் அதையே சொன்னது. அப்போதுதான் அந்த ஃபைல் படத்தின் மூலையில் ஒட்டியிருந்த குட்டி அம்புக்குறியைக் கவனித்தார். அனுப்பியது ஃபைலை அல்ல, வெறும் ஷார்ட்கட்டை. வீட்டை விட்டுவிட்டு விலாசத்தை மட்டும் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

"ஐயோ, போச்சு!"

"என்ன போச்சு?"

"மாமாவோட அஞ்சு வருஷம்."

பெரியவர் காலை மடக்கி எழுந்து உட்கார்ந்தார். "அழிஞ்சதை மீட்க ஏதோ சாஃப்ட்வேர் இருக்குமே?"

இருந்தது. உடனே இறக்கினார். மீட்டதை எங்கே வைக்கட்டும் என்று அது கேட்டது. சின்னவர் அவசரத்தில் பச்சைப் பென்டிரைவையே காட்டிவிட்டார். அது நூற்றுக்கணக்கில் பெயரில்லாத குப்பை ஃபைல்களை அள்ளி அதன்மேலேயே கொட்டியது. பென்டிரைவைப் பிடுங்கினார். மறுபடி செருகியபோது, 'இதை ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்றது. புத்தகமும் இல்லை, புது சிஸ்டமும் இல்லை.

"வாயைத் திறக்காதீங்க," என்று பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "மூணு வருஷத்துக்கு முன்னாடி மாமா இதே வேலையை என்கிட்ட கொடுத்தார். இதே பென்டிரைவ், இதே புத்தகம். நான் பத்திரமா எடுத்துக் கொடுத்தேன். முழுசாப் படிச்சவன் நான். நான் சொல்றேன், நீங்க அடிங்க. அவருக்கு வித்தியாசமே தெரியாது."

சின்னவர் விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"நான் பிறந்தேன்," என்றார் பெரியவர்.

"எப்போ?"

"அது... காலையில."

"எந்த ஊர்ல?"

"அதெல்லாம் போகப் போக வரும். அடிங்க. 'நான் வளர்ந்தேன்.'"

மூன்றாவது வரி வரவேயில்லை. மனைவி எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சுதா? அப்பா முன்னறையில உக்காந்துக்கிட்டு வாசல்ல போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் சின்ன மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்கே உயிர் கொடுக்கறார்னு சொல்லிட்டு இருக்கார்."

அதற்குமேல் சின்னவருக்குத் தாங்கவில்லை. எழுந்தார். பெரியவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கம்ப்யூட்டர் மேல பழியைப் போடுங்க சகலை! அது வாயைத் திறந்து மறுக்கவா போகுது?" சின்னவர் சட்டையை விடுவித்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

"மாமா, உங்க புத்தகத்தை அழிச்சிட்டேன். தப்பு என்னோடதுதான், பென்டிரைவ் மேலயோ கம்ப்யூட்டர் மேலயோ இல்ல. இன்னொண்ணு, நான் கம்ப்யூட்டர் ஆளும் இல்ல. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பண்றவன்."

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா!"

சின்னவருக்கு ஒன்றும் புரியவில்லை. மாமனார் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புப் பென்டிரைவை எடுத்து அவர் கையில் வைத்தார். "இது காலி. இதுல நிதானமா பண்ணுங்க. ஜெராக்ஸ் மெஷினைப் பிரிச்சு மாட்டற கைக்கு இது என்ன பெரிய விஷயம்?"

"நல்ல வேளை, அடி விழலை," என்று மனைவி காதோரம் கிசுகிசுத்தாள். ஆனால் அவர் பக்கத்தில் வந்து நின்றபோது அவள் முகத்திலும் அப்பாவின் பெருமை அப்படியே இருந்தது.

பெரியவருக்கு அந்தக் காட்சி பொறுக்கவில்லை. "இருந்தாலும் என்ன ஒரு நஷ்டம் மாமா!" என்று உள்ளே வந்தார். "அந்த மூணாவது அத்தியாயம் இருக்கே, படிச்சிட்டு நான் அன்னைக்குச் சாப்பிடவே இல்லை. அப்படி ஒரு அழுகை."

எல்லோருக்கும் டீ கொண்டுவந்த மாமியார், தட்டைப் பெரிய மாப்பிள்ளையிடம் நீட்டியபடி சொன்னார்: "அவர் இன்னும் முதல் வரியே எழுதலையே மாப்பிள்ளை, வீட்டுக்கு வர்ற மருமகன் நிஜத்தைச் சொல்றாரான்னு பாக்கத்தானே அந்தப் பச்சையில ஒரு வெத்து ஃபைலைப் போட்டு பீரோவுல வெச்சிருக்கார்!"