கோலி தட்டிய பந்தும் என் கல்யாணமும்

மாமனார் ஊரில் மாப்பிள்ளை எதை வேண்டுமானாலும் கையில் எடுக்கலாம். லைன்ஸ்மேன் கொடியை மட்டும் எடுக்கக் கூடாது. நான் எடுத்தேன். அதுவும் கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது.

ஆவூர் பக்கம் ஓர் ஊரில் எனக்கு ஸ்டெல்லாவை நிச்சயம் செய்திருந்தார்கள். அவள் அண்ணன் அருள் ஃபுட்பால் ஆடுகிறவர் என்று தெரிந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் ரெஃப்ரி கிளாஸ் முடிச்சவன்" என்று அள்ளிவிட்டேன். (ரெண்டு நாள் கிளாஸ். ரெண்டாம் நாள் மத்தியானம் பிரியாணி போட்டார்கள். அதற்குப் பிறகு நடந்த பாடம் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.)

கோயில் திருவிழா டோர்னமெண்ட் ஃபைனலில் அந்த ஊரும் எங்கள் புதுக்கோட்டை டீமும் மோதின. கோட்டோரம் கொடி பிடிக்கிற லைன்ஸ்மேன் ஒருத்தர் வரவில்லை. "நம்ம மாப்ள இருக்காருல்ல!" என்றார் ஸ்டெல்லாவின் அப்பா, அதாவது மாமா. "நம்ம ஊர்க்காரர்தானே, நிக்கட்டும்" என்றார்கள் புதுக்கோட்டைப் பையன்கள். ரெண்டு தரப்பும் என்னைத் தங்கள் ஆள் என்று நம்பியதுதான் வினை.

முதல் பாதியில் புதுக்கோட்டைக்காரன் அடித்த ஷாட், மாமனார் ஊர்ப் பையன் ஒருவன் தொடையில் பட்டுத் திரும்பியது. அடிக்கும்போதே எல்லாரையும் தாண்டிக் கோல் பக்கம் நின்றிருந்த இன்னொரு புதுக்கோட்டைக்காரன் அதை உள்ளே தள்ளினான். அப்படி முன்னாலேயே போய் நிற்பவன் ஆடினால் ஆப்சைடு, கோல் செல்லாது; எதிராளி தொடையில் தற்செயலாகப் பட்டதால் அது இல்லாமல் போய்விடாது. கொடியைத் தூக்கினேன். சரியான தீர்ப்பு. ஊரே விசிலடித்தது. பந்தலில் ஸ்டெல்லா சிரித்தாள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது. இப்போது மாமனார் ஊர்க்காரர்கள் என் பக்கம் அடித்துக்கொண்டு வந்தார்கள். முடிய நாலு நிமிஷம். ஒரு கோலும் விழவில்லை. ஒருவன் ஓங்கி அடித்தான். கோல் காக்கும் புதுக்கோட்டை கோலி பாய்ந்து ரெண்டு கையாலும் தள்ளினான். பந்து நேராக அருள் காலடிக்கு வந்தது. ஷாட் அடிக்கும்போது அருளுக்கு முன்னால் கோலியைத் தவிர ஈ காக்கா இல்லை. அருள் தட்டினார். கோல்!

என் கை துடித்தது. மூளை தடுத்தது. 'தொடையில பட்டது தானா பட்டது. கோலி வேணும்னே பாஞ்சு தட்டியிருக்கான். எதிராளி வேணும்னே ஆடினா ஆப்சைடு முறிஞ்சிரும்.' கொடியைத் தொங்கவிட்டபடி நடுக்கோட்டைப் பார்த்து ஓடினேன்; கோல் செல்லும் என்பதற்கு அதுதான் சைகை.

பாதி தூரம்கூடப் போகவில்லை, புதுக்கோட்டைப் பையன்கள் வளைத்துக்கொண்டார்கள்.

"எங்களுக்குன்னா தூக்குன, இப்ப கை வலிக்குதாக்கும்? பொண்ணு எடுக்குற ஊருக்கு எங்கள வித்துட்டியேடா!"

"எங்க மாப்ள மேல கைய வச்சுத்தான் பாருங்கடா!" என்று அருள் பாய்ந்து வந்தார். என் சட்டையின் ஒரு பக்கம் அவர்களிடம், மறு பக்கம் இவர்களிடம்.

"எல்லாரும் அங்கிட்டுப் போங்க!" ரெஃப்ரி செல்வி டீச்சர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "சார், ஷாட் அடிக்கும்போது அருள் எங்க நின்னாரு?"

"கோலிக்கு முன்னாடி. தனியா."

"பெறகு ஏன் கொடி தூக்கல?"

"கோலி வேணும்னே தட்டுனாருங்க டீச்சர். அதோட ஆப்சைடு முடிஞ்சுருச்சு."

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கோலுக்குப் போற பந்தத் தடுக்குறது அந்தக் கணக்குல வராது சார். அது சேவ். சேவ் பண்ணி வந்த பந்துன்னாலும் ஆப்சைடு ஆப்சைடுதான். இது ஒங்களுக்குத் தெரியாதா, இல்ல..."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. மைதானமே சொல்லிக்கொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டால் பாசத்துக்காகக் களவாணித்தனம் செய்தவன். திறந்தால் பெண் வீட்டில் பொய் சொன்னவன். கோட்டோரத்தில் மாமா. பந்தலில் ஸ்டெல்லா எழுந்து நின்றுவிட்டாள்.

"தெரியாதுங்க டீச்சர்."

"சத்தமாச் சொல்லுங்க, அவங்களுக்குக் கேக்கட்டும்."

"தெரியாது! அந்தப் பாடத்துல தூங்கிட்டேன்!"

மைக் பிடித்திருந்த புண்ணியவான் சும்மா இருப்பாரா? "லைன்ஸ்மேன் பாடத்துல தூங்கிட்டாராம்!" என்று நாலு ஒலிபெருக்கியிலும் அறிவித்தார். கோல் ரத்து. பெனால்டியில் மாமனார் ஊர் தோற்றது. மாமா என் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனார். எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

மூணு நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஸ்டெல்லா போன் செய்தாள்.

"கல்யாணத்த நிறுத்திரவான்னு அப்பா கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எங்களுக்காக வேணும்னே செஞ்சிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். நாளைக்கு எனக்கே அப்படிச் செய்ய எவ்வளவு நேரமாகும்? ஊரு முன்னாடி தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அந்த ஆளத்தான் கட்டிக்குவேன்னுட்டேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். வெட்கமென்ன, அழுதேன்தான்.

இன்றைக்கும் அருள் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தால், ஒரு காலை வாசற்படிக்கு உள்ளே வைத்து அப்படியே நின்று, "மாப்ள, ஆப்சைடா?" என்பார். தெருவே வேடிக்கை பார்க்க, "தெரியாது மச்சான்" என்று நான் சத்தமாகச் சொன்னால்தான் அடுத்த காலை எடுத்து வைப்பார்.