தேவாங்குக்கு அளவெடுத்த சட்டை

ஒரு காட்டில் ஒரு தண்ணீர்க் குட்டை இருந்தது. குட்டைக்கு ஒரு டோக்கன் மெஷினும் இருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். எல்லாக் காடும் இப்போது இப்படித்தான்.

மெஷினைச் செய்தது ஒரு தேவாங்கு. பெயர் தணிகாசலம். தன்னைக் கீக், அதாவது மெஷின் பைத்தியம், என்று தானே சொல்லிக்கொள்வான். வேறு யாரும் சொல்லவில்லை. மெஷின் வருவதற்கு முன் புலி முதலில் குடிக்கும். மான் கடைசியில் குடிக்கும், இல்லாவிட்டால் குடிக்காது. மெஷின் வந்தபின் யார் எண் வருகிறதோ அவர்தான். அதனால் அவனுக்கு அதன்மேல் உயிர். நாள் முழுக்க அதற்கு அடியில் படுத்து எதையாவது முறுக்கிக்கொண்டிருப்பான். வெளியே தெரிவது ஒரு பச்சை டீ-சர்ட் மட்டும். ஏதோ கருத்தரங்கில் இலவசமாகக் கொடுத்தது. அக்குளில் ஓட்டை. அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை.

சிங்கத்தின் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. மெஷினுக்கு நிரந்தர அதிகாரி போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை நேர்காணல். அதன்பின் வேறு யாரும் மெஷினைத் தொடக் கூடாது.

தணிகாசலம் அன்றே விண்ணப்பம் போட்டான். தையல்சிட்டு அக்காவிடம் ஓடினான்.

"அக்கா, நல்லா உடுத்தணும். உடுத்துறதைப் பத்தி எழுபத்திரண்டு பக்கம் படிச்சுட்டேன். தோள் தையல் எலும்பு மேலேயே உட்காரணுமாம். பட்டியல் போட்டிருக்கேன்."

"பட்டியலை ஓரமா வை. முதல்ல மூச்சை விடு. எக்கிக்கிட்டு அளவு கொடுத்தா, சட்டை எக்கின வயித்துக்குத்தான் சேரும்."

"பாக்கெட் எட்டு வேணும்."

"எட்டா? நீ என்ன கங்காருவா? ஒண்ணு."

"சார்ஜரை எங்கே வைக்கிறது?"

"நேர்காணலுக்குப் போறியா, கரண்டு கம்பம் ஏறப் போறியா? ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

முதல் சட்டைக்குப் பதினாலு குறை எழுதிக்கொண்டு வந்தான். இரண்டாவதற்கு ஐந்து. மூன்றாவதைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தான். குறை எழுதும் தாளை மடித்து வைத்தான். கருநீலச் சட்டை, கத்தி மாதிரி காலர். ஊரில் ஒருவனை அழகில்லை என்று சொல்லத் தேவாங்கு என்பார்கள். அன்று அவனைப் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

அக்கா பழைய டீ-சர்ட்டை அலகு நுனியால் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்தாள். அந்த வழியாகப் போன குரங்கு எடுத்து மாட்டிக்கொண்டது. ஏன் என்கிறீர்களா? குரங்குக்குக் காரணம் எதற்கு?

வெள்ளிக்கிழமை. அலுவலக வாசலில் குமாஸ்தா கரடி எழுந்து நின்றது.

"வாங்க சார். உட்காருங்க சார்."

வாழ்க்கையில் முதல் 'சார்'. தணிகாசலத்துக்குக் காது சூடாகிவிட்டது.

உள்ளே சிங்கமும் நரியும்.

"நான்தாங்க அந்த மெஷினைச் செஞ்சவன்."

நரி மேலும் கீழும் பார்த்தது. "காலரைப் பாருங்க ராஜா. இவருக்கு ஸ்க்ரூ எது, ஆணி எதுன்னு தெரியுமா?"

"எது வேணாலும் கேளுங்க. பதில் சொல்றேன்."

"நீ சொல்ற பதில் சரியான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றது சிங்கம். நேர்மையான ராஜா.

அப்போது வெளியே கூச்சல். மெஷின் நாற்பத்தேழில் நின்றுவிட்டது. புலி தள்ளுகிறது. மான் கத்துகிறது. கரடி ஓடிப்போய் வரிசையைப் பார்த்தது. பச்சை டீ-சர்ட். அக்குளில் ஓட்டை.

"அட தம்பி! உள்ளே இன்டர்வியூ நடக்குது, நீ இங்கே நிக்கிறியே! வந்து மெஷினைப் பாரு!"

"தாகமா இருக்குய்யா," என்றது குரங்கு. எரிச்சலில் மெஷினை ஒரு உதை விட்டது. மெஷின் இருமியது. நாற்பத்தெட்டு வந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்த சிங்கத்துக்குக் கண் கலங்கியது. "ஒரு பெருமை உண்டா, பேச்சு உண்டா! குளிச்சே நாலு நாள் ஆகியிருக்கும். இவன்தான்யா நம்ம ஆளு."

"ராஜா, அது என் சட்டை!" என்று அலறினான் தணிகாசலம்.

நரி அவன் தோளைத் தட்டியது. "இவ்வளவு நல்ல சட்டை இருக்கும்போது ஏழை சட்டைக்கு ஆசைப்படலாமா சார்?"

மெஷின் குரங்குக்குப் போனது, புதுப் பாஸ்வேர்டோடு. தணிகாசலத்தையும் விடவில்லை. பார்க்க லட்சணமாக இருக்கிறானே. மேலாளர் ஆக்கினார்கள். தனி அறை, ஏசி, பித்தளைப் பெயர்ப்பலகை, பளபளவென்று மேஜை. மேஜையில் கம்ப்யூட்டர் மட்டும் இல்லை.

உதை வாங்கிய மெஷின் நாற்பத்தொன்பதுக்குப் பின் பன்னிரண்டு என்றது. மறுபடியும் பன்னிரண்டு. பன்னிரண்டு புலியின் எண்.

நாலாம் நாள் மான் அவன் அறைக்கு வந்தது. நாக்கு உலர்ந்திருந்தது. "சார், என் நம்பர் வரவே மாட்டேங்குது சார்."

தணிகாசலம் எழுந்து ஓடினான். மெஷினைச் சுற்றிப் புதிதாக எழுப்பிய அறையின் வாசலில் கரடி சலாம் வைத்தது.

"பாஸ்வேர்டைச் சொல்லுப்பா. ரெண்டே நிமிஷம். சரி பண்ணிடுவேன்."

"ஐயையோ, நீங்க போய்க் கையை அழுக்காக்கிக்கலாமா சார்? அதெல்லாம் டெக்னிக்கல் ஆளுங்க சமாச்சாரம்."

"அந்த டெக்னிக்கல் ஆளையாவது கூப்பிடு."

"அவர் பாஸ்வேர்டை மறந்துட்டார் சார்," என்றது கரடி. இன்னொரு சலாம் வைத்தது. கதவை மெதுவாக, மிக மரியாதையாகச் சாத்தியது.

நீதி: நேர்த்தியாக உடுத்தினால் காடே எழுந்து நிற்கும். பாஸ்வேர்டு மட்டும் கொடுக்காது.