சார்வாள் எடுத்த சத்தியம்

"ஏங்க, தீப்பெட்டியப் பாத்தியளா?" அடுப்படியிலிருந்து பியூலா கேட்டாள்.

"பாத்தேன். அது சுவீடன்" என்றார் வேதநாயகம்.

"சுவீடனா? அது யாரு வீட்டுப் பிள்ளை?"

"பிள்ளை இல்லட்டி, தேசம். கடல் தாண்டிக் கெடக்கு. மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டேன்."

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேதநாயகம். முந்தின நாள் சாயங்காலம் ஆற்றங்கரையில் நடந்த சுதேசிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். வங்காளத்தை வெள்ளைக்காரன் இரண்டாக வெட்டியதில் ஆரம்பித்து கப்பல், துணி, சீனி என்று பேச்சு வளர்ந்துகொண்டே போனது. பள்ளிக்கூடம் விட்டு நடந்து போனவருக்குக் கடைசி வரிசையில்தான் இடம். திடீரென்று சுற்றியிருந்தவர்கள் எல்லாம் கையைத் தூக்கினார்கள். 'இனி அந்நியப் பொருளைத் தொடேன்' என்று மனதுக்குள் சொல்லியபடி வேதநாயகமும் தூக்கினார். உடம்பெல்லாம் புல்லரித்தது. கையை இறக்கும்போதே, தன் வீட்டில் எது எந்த ஊர்ச் சரக்கு என்று தெரிந்துகொள்ளும் ஆசை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

விடிந்ததும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். சீனி ஜாவா. மண்ணெண்ணெய் அமெரிக்கா. விளக்குச் சிம்னி ஆஸ்திரியா. ஊசி ஜெர்மனி. பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் இருக்கிற தேசமெல்லாம் இத்தனை நாளும் தன் வீட்டில் சத்தமில்லாமல் குடியிருந்ததா! மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதன் கம்பியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. சந்தேகத்தின் பேரில் அதுவும் மூட்டைக்குள் போயிற்று.

"இன்னிக்குச் சாயங்காலம் சாலோமியப் பொண்ணு பாக்க வாராங்க. நெனப்பிருக்கா?" என்றாள் பியூலா.

"வரட்டுமே."

"ஏசுநாதர்கூடப் பெத்லகேம்லதான் பொறந்தாரு. அவரையும் பரண்ல போட்டுருவியளோ?"

வேதநாயகம் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "அவரு சரக்கு இல்ல" என்றார்.

பியூலா பக்கத்து வீட்டுப் பூதலிங்கத்தின் அடுப்பிலிருந்து கங்கு வாங்கி வந்து நெருப்பு மூட்டினாள். சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி போட்டதில் பால் திரிந்தது. விளக்குக்குப் புன்னை எண்ணெய் ஊற்றியதில் வெளிச்சத்தைவிடப் புகை அதிகம் வந்தது. மகள் கட்டியிருந்த சேலை சீமைத் துணி என்று கண்டுபிடித்து, வேதநாயகம் அவசரமாக ஒரு கைத்தறிச் சேலை வாங்கி வந்தார். கஞ்சி போகாத சேலை. சாலோமி உட்கார்ந்த பிறகும் அது நின்றுகொண்டே இருந்தது.

"இதுக்குள்ள நான் இருக்கேன்னு அவுகளுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள் சாலோமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. புகையா, அழுகையா என்று வேதநாயகத்துக்குத் தெரியவில்லை. மனசு ஒரு மாதிரி இருந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது. வேதநாயகம் ஓடிப்போய், "வாங்க அண்ணாச்சி, வாங்க!" என்று கட்டிக்கொண்டார்.

"அது வண்டிக்காரன். நான் இங்கன நிக்கேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மாப்பிள்ளையின் அப்பா கிருபைராஜ். தூத்துக்குடியில் சீமைத் துணி வியாபாரம். உள்ளே வந்து இருமினார். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார். புகைக்குள் விறைத்து நின்ற சேலையைப் பார்த்தார்.

"சார்வாள், வீட்டுல ஏதும் கஷ்டமா?"

"கஷ்டமில்ல அண்ணாச்சி, சத்தியம்" என்று வேதநாயகம் விவரத்தைச் சொன்னார்.

கிருபைராஜின் முகம் மாறியது. "அப்போ எங்க யாவாரம் ஒமக்குப் பாவமா, வே? பருத்தி நம்ம கரிசக்காட்டுல வெளையுது. கப்பல்ல பஞ்சுப் பொதியாப் போவுது, துணியாத் திரும்பி வருது. இதுல எது வே அந்நியம்?"

வேதநாயகத்துக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது. எதிரே இருப்பவர் சம்பந்தி என்பதே மறந்துபோயிற்று. "போகையில என்ன வெல, வருகையில என்ன வெல?"

"அது ரொம்ப வித்தியாசம்லா?"

"அந்த வித்தியாசந்தான் அந்நியம்!"

கதவுக்குப் பின்னால் பியூலா தலையில் அடித்துக்கொண்டாள். கிருபைராஜ் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உள்ளபடிக்கு, பிள்ளைய எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா எங்க கடைத் துணியத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுன வீட்டுல எப்படி சம்பந்தம் வைக்க? அதை விட்டுருதேன்னு சொல்லும். இப்பவே பேசி முடிப்போம்."

வேதநாயகம் மகளைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலே அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"முடியலையே அண்ணாச்சி. ஊரறியக் கையத் தூக்கிட்டேனே! பக்கத்து வீட்டுப் பூதலிங்கந்தான் கூட்டத்த நடத்துனது. நீங்களே கேளுங்க."

பூதலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். வக்கீல் குமாஸ்தாவான அவர் சங்கதி முழுவதையும் கேட்டுவிட்டு, திருதிருவென்று விழித்தார்.

"சத்தியமா? பேசுனவரு, 'பின்னால இருக்கவுகளுக்குப் பேச்சு கேக்கலேன்னா கையத் தூக்குங்க'ன்னுல்லா சொன்னாரு, சார்வாள்!"