லாரியைக் காலியாகக் கொண்டுவரவும்

ஹார்லோ கிரீக், அயோவா
மே 19, ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி வீட்டு மூத்த பிள்ளை திரு. கர்ட்டிஸ் ஹஸ்கின்ஸ் அவர்களுக்கு, உங்கள் தம்பி ரஸ்ஸலின் மாமனாரும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருமான ஆல்வின் டிரெக்ஸ்லர் எழுதிக்கொண்டது.

இங்கு நான், என் மகள் மார்லா, பேத்தி டெஸ்ஸா, உங்கள் தம்பி நால்வரும் சுகம். அங்கு கான்சஸில் நீங்களும் உங்கள் மனைவியும் மாடுகளும் அறுவடைக்கு நிற்கும் கோதுமையும் சுகமாக இருக்கக் கடவுள் அருள வேண்டும். 'நால்வரும் சுகம்' என்று மேலே எழுதியது கடிதம் என்றால் அப்படி எழுத வேண்டும் என்பதற்காகத்தான். உண்மையில் யாரும் சுகமாக இல்லை. சுகமாக உட்கார ஒரு நாற்காலிகூட வீட்டில் கிடையாது. இந்தக் கடிதத்தை உங்கள் தம்பியின் பேஸ்பால் பந்து வாளியின் மேல் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து எழுதுகிறேன். வாளி ஆடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை உங்கள் தானிய லாரியை எடுத்துக்கொண்டு இங்கே வர முடியுமா? காலியாகக் கொண்டுவரவும். அறுவடை நெருங்கும் நேரத்தில் ஒரு விவசாயியிடம் லாரி கேட்பது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் ரஸ்ஸலுக்கு இந்தக் கல்லூரி பேஸ்பால் கோச் வேலை போகப்போகிறது. நாளைக் காலை பத்து மணிக்குப் போகிறது. வேலை போனால் கல்லூரி கொடுத்த இந்த வீடும் போகும். போனில் சொல்லியிருக்கலாம், நீங்கள் டிராக்டரை விட்டு இறங்கினால்தானே போனை எடுப்பீர்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் விளையாட்டுத் துறைத் தலைவர் ஹாலோவேயின் செயலாளர் அம்மாள் போன் செய்தார். "திங்கக்கெழம பத்து மணிக்கு சார் உங்களத் தன்னோட ரூம்ல பார்க்கணும்னு சொன்னாரு. பத்து நிமிஷ வேலதான்" என்றார். அவ்வளவுதான். வேறு யாராவது என்றால் 'சரி' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். ரஸ்ஸல் போனை வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போய் அட்டைப் பெட்டிகளை எடுத்துவந்தார்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. கோச் ஆவதற்கு முன் பேஸ்பால் ஆட்டக்காரராகப் பதினான்கு வருஷம், பதினொரு கிளப். மைதானத்தின் கடைக்கோடியில் நின்று உயரப் பந்தைப் பிடிப்பதுதான் பிழைப்பு. ஒவ்வொரு ஊரிலும் கதை ஒன்றுதான். ஆட்டம் முடிந்து உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து, "மேனேஜர் உன்ன ஆபீஸுக்கு வரச் சொன்னாரு" என்பார்கள். உள்ளே போனதும் "கதவச் சாத்திட்டு உக்காரு" என்றால் அந்த ஊரில் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். காரில் ஏறுவதை எடுத்துக்கொண்டு, ஏறாததை அங்கே இருக்கப்போகிற மற்ற ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு மறுநாளே கிளம்ப வேண்டும். கொடுக்காமல் போவது அவர்களுக்குள் மரியாதை இல்லை. ஒரே ஒரு தடவைதான் கதவு திறந்தே இருந்தது. "நாளைக்குப் பெரிய லீக் போறே" என்றார்களாம். நம்ம ஆள் உள்ளே போவதற்கு முன்பே தூண்டிலையும் மைக்ரோவேவையும் தானம் செய்துவிட்டு நின்றார். நாட்டின் தலைசிறந்த அணிகள் ஆடுகிற அந்தப் பெரிய லீக்கில் இருபத்திரண்டு நாள் இருந்தார். இருபத்து மூன்றாம் நாள் மறுபடி ஆபீஸ், மறுபடி கதவு. மார்லா இன்றைக்கும் 'அந்த இருபத்திரண்டு நாள்' என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

என் விலாசப் புத்தகத்தில் மார்லாவின் பக்கத்தில் பத்தொன்பது விலாசம் இருக்கிறது. எல்லாம் பென்சிலில். போஸ்ட்மாஸ்டரின் மகளுக்கு நிலையான விலாசம் இல்லை என்று ஊரில் என்னைக் கேலி செய்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ரஸ்ஸல் இந்தக் கல்லூரியில் கோச் ஆனபோதும் பென்சிலில்தான் எழுதினேன். போன கிறிஸ்துமஸுக்குத்தான் மனம் துணிந்து பேனாவில் எழுதினேன். நானே கண் வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் மார்லா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"திங்கக்கெழம என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் கட்டலாமே, ரஸ்."

"அப்புறம் கட்டினா அவசரத்துல கட்டணும். இப்பக் கட்டினா நிதானமாக் கட்டலாம்."

"இருக்கச் சொன்னா?"

"ஆபீஸுக்குக் கூப்பிட்டு 'இரு'ன்னு சொன்ன ஆள நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல, மார்லா."

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் தானம் ஆரம்பமானது. ஒரு வீட்டைக் காலி செய்வதில் உங்கள் தம்பியை மிஞ்ச பெரிய லீக்கிலும் ஆள் கிடையாது, தம்பி. கட்டில் இரண்டும் போன மாதம் கல்யாணம் ஆன ஒரு மாணவனுக்கு. சலவை இயந்திரம் பக்கத்து வீட்டுக்கு. டிவி மைதானத்துப் புல் வெட்டுகிறவருக்கு. சாப்பிடும் மேஜை என்று ஒரு மடக்கு மேஜை வைத்திருந்தோமே, அது தேவாலயத்துக்கு. டெஸ்ஸாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளாகவே போய் நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். பாதிதான் படித்திருந்தாள். பதினொரு வயதில் ஏழு பள்ளிக்கூடம் பார்த்த குழந்தைக்கு யார் சொல்ல வேண்டும்?

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தேன். நாற்காலி மிதப்பது போல ஒரு கனவு. சுகமாகத்தான் இருந்தது. கண்ணைத் திறந்தால் வாசற்படியில் இருக்கிறேன். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், இரண்டு மாணவர்கள் என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

"டேய், தாத்தா முழிச்சிட்டாருடா. மெதுவா எறக்கு."

"அதானே, ஒரு நாற்காலி இவ்வளவு கனக்குமான்னு பார்த்தேன்."

என்னை இறக்கிப் புல்லில் நிறுத்திவிட்டு, நாற்காலியைத் துணைக் கோச் எஸ்கோபார் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவிக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறதாம், பால் கொடுக்க வசதியாக இருக்குமாம். ரஸ்ஸல் ஓடிவந்து, "மன்னிச்சுக்குங்க மாமா, போற ஊர்ல நல்லதா வேற வாங்கித் தர்றேன்" என்றார். போற ஊர் எது என்று அவருக்கே தெரியாது.

ஆனால் தம்பி, நாற்காலி போனதில் எனக்கு வேறு ஒரு சங்கடம் இருக்கிறது. அதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன் கல்லூரி முத்திரையோடு ரஸ்ஸல் பெயருக்கு ஒரு உறை வந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் தபால்களை விலாசவாரியாகப் பிரித்தவன் நான். ஒரே தாள். நல்ல செய்திக்கு நாலு தாளாவது இருக்கும். அந்த நேரம் மார்லா தோட்டத்தில் ஆஸ்பராகஸ் பாத்திக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். ஆஸ்பராகஸ் நட்டால் மூன்றாம் வருஷம்தான் முதல் அறுப்பு. மாறிக்கொண்டே இருக்கிறவர்கள் அதை நட மாட்டார்கள். அவள் போன வருஷம் நட்டாள். வைக்கோலைப் பரப்பிக்கொண்டே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா போன பிறகு இவள் பாடி நான் கேட்டதே இல்லை. பாட்டு முடியட்டும் என்று உறையை நாற்காலி மெத்தைக்கு அடியில் சொருகினேன். பாட்டு முடிந்த பிறகும் எடுக்க மனம் வரவில்லை. என் வேலைக்காலத்தில் ஒரு தபாலை ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. இப்போது வேலைநீக்கக் கடிதத்தை இரண்டு வாரம் ஒளித்துவைத்த பாவத்தோடு வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

வேலைநீக்கத்துக்குக் காரணம்கூட எனக்குத் தெரியும். ஏப்ரல் கடைசியில் நடந்த ஆட்டம். ஜெயித்தால் போட்டித் தொடருக்குப் போகலாம். ரஸ்ஸல் தன் நல்ல ஆட்டக்காரனை உட்காரவைத்துவிட்டு, நாலு வருஷமாக ஒரு ஆட்டத்திலும் இறங்காத பென்னர் என்கிற பையனை இறக்கினார். கடைசிச் சுற்றில் பந்து நேராக அவனிடம் போய், கையுறையில் பட்டு, கீழே விழுந்தது. தோற்றோம். கல்லூரிக்கு நன்கொடை கொடுக்கிற பெரிய மனிதர்கள் பார்வையாளர் வரிசையிலேயே கத்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் நானே கேட்டேன், "ஏன் மாப்பிள்ளை அந்தப் பையன?"

"நாலு வருஷமாப் பெஞ்சத் தேச்சவன் மாமா. ஒரு நாள் பயிற்சிக்கு லேட்டா வந்ததில்ல. அவங்கம்மா ஆறு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்திருந்தாங்க."

"பந்த விட்டுட்டானே?"

"கையில பட்டுச்சில்ல? பெரிய லீக்ல என்கிட்ட வந்த மொதப் பந்த நான் தொடவே இல்ல."

இப்படிப்பட்டவரை எந்தக் கல்லூரி வைத்துக்கொள்ளும், தம்பி? எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வருகிறது. இவரைவிட நல்ல மாப்பிள்ளை எனக்குக் கிடைத்திருக்கவும் மாட்டார்.

இனிச் சொல்லப்போவதுதான் கஷ்டம். உங்கள் அம்மா ரஸ்ஸலுக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போன ஓக் மரச் சாப்பாட்டு மேஜை பதினெட்டு வருஷமாக உங்கள் கொட்டகையில் கிடக்கிறது. 'இதை எப்போது எடுத்துக்கொண்டு போவாய், என் டிராக்டர் சாமானெல்லாம் இதன் மேல்தான் கிடக்கிறது' என்று வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதுகிறீர்கள். இந்த வருஷம் எடுத்துக்கொள்வதாக இருந்தது. இன்று காலை பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே ரஸ்ஸல் சொன்னார்: "அண்ணனுக்கு எழுதிடுங்க மாமா. அந்த மேஜைய அவரே வெச்சுக்கட்டும், இல்ல யாருக்காவது குடுத்துடட்டும். இனிமே அதப் போட எனக்கு ஒரு எடம் அமையாது." சொல்லிவிட்டு அந்த டேப்பை ஒட்டிய இடத்திலேயே நாலு தடவை ஒட்டினார். நான் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன்.

எனவே மேஜையை உங்கள் விருப்பப்படி செய்துகொள்ளவும். லாரியை மட்டும் மறக்க வேண்டாம்.

உங்கள் மனைவிக்கு என் வணக்கம். உங்கள் பிள்ளைகள் கதிர் முற்றிய வயல் போல நிறைந்து வாழ வேண்டும். அறுவடை முடியும்வரை உங்கள் பக்கம் ஆலங்கட்டி விழாமல் இருக்க ஜெபிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தபால் எடுக்க மாட்டார்கள் என்பதால் இது நாளைக்குத்தான் கிளம்பும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
ஆல்வின் டிரெக்ஸ்லர்

பின்குறிப்பு: திங்கள், மத்தியானம் ஒரு மணி. ஒட்டிவைத்த இந்தக் கடிதத்தின் உறையை நீராவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். போஸ்ட்மாஸ்டர் செய்யக்கூடாத காரியம்தான். இந்த மாதம் நான் செய்த காரியங்களில் இது சின்னது.

ரஸ்ஸல் உள்ளே போனதும் ஹாலோவே, "கதவச் சாத்திட்டு உக்காருங்க" என்றாராம். நம்ம ஆள் சாத்திவிட்டு வீட்டுச் சாவியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாராம். பிறகுதான், "ஏசி குளிரெல்லாம் வெளிய போகுது" என்றாராம். அப்புறம், "ரெண்டு வாரமா எங்க கடிதத்துக்குப் பதிலே இல்லையே ரஸ்ஸல்? வேற கல்லூரியில கூப்பிட்டாங்களா? எங்கள விட்டுப் போறதா முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். ரஸ்ஸல், "எந்தக் கடிதம்?" என்று கேட்டிருக்கிறார். அதே நேரத்தில் எஸ்கோபாரின் மனைவி, ஒரு குழந்தையைத் தோளிலும் மெத்தைக்கு அடியில் கிடைத்த உறையைக் கையிலும் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார். மார்லா பிரித்தாள். ஒரே தாள்தான். இன்னும் ஐந்து வருஷம் இருக்க முடியுமா, சம்மதத்தைத் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். அதைக் கேட்க ஒரு தாளே அதிகம்.

அந்த ஆட்டத்தைப் பற்றிக் கல்லூரிக்குப் பத்துக் கடிதம் வந்ததாம். ஒன்பது திட்டி வந்தவை. பத்தாவது பென்னரின் அம்மா எழுதியது. ஹாலோவே அந்த ஒன்றை மட்டும் கோப்பில் வைத்திருக்கிறாராம்.

மார்லா என்னைத் திட்டவில்லை. "அப்பா, இனிமே தபால் பெட்டிய நானே தெறக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். பிறகு பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள், சிரித்தாள். கொடுத்த சாமான் எதையும் ரஸ்ஸல் திருப்பி வாங்க மாட்டாராம், அதுவும் மரியாதை இல்லையாம். டெஸ்ஸா நூலகத்துக்கு ஓடியிருக்கிறாள்.

ஆகவே மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிட்டு இதை மட்டும் படிக்கவும். மேஜையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். கொடுத்திருந்தால் போய் வாங்கிவரவும். சனிக்கிழமை லாரியைக் காலியாகக் கொண்டுவர வேண்டாம். ரஸ்ஸல் இப்போது சாப்பாட்டு அறையில் மண்டியிட்டு, மைதானத்துக்குக் கோடு போடுகிற சுண்ணாம்பால் மேஜை வரப்போகிற இடத்துக்கு நாலு பக்கமும் கோடு போட்டிருக்கிறார். மைதானத்துக் கோட்டை மிதிப்பது பேஸ்பால்காரர்களுக்கு அபசகுனம், உங்களுக்குத் தெரியும். எங்களையும் மிதிக்கவிட மாட்டேன் என்கிறார். சமையலறைக்குப் போக நாங்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகிறோம். சீக்கிரம் வந்து சேருங்கள், தம்பி.