குளத்தில் நின்று எடுத்த படம்

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ‘ர’ வரும், எங்கே பெரிய ‘ற’ வரும் என்பது இன்றும் எனக்கு நிச்சயமில்லை. பிழைகளை மன்னித்து விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விஷயமும் கொஞ்சம் கோணல்தான்.

கூச்சப்படுகிறவனுக்கு ஏற்ற தொழில் ஒன்று உண்டென்றால் அது படம் பிடிப்பதுதான். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டால் எதிரே நிற்பவரை நாம் எவ்வளவு நேரமும் பார்க்கலாம், அவர் நம்மைப் பார்க்க முடியாது. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்த நான் பதுளைக்கு வந்து கேமராவைப் பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் இல்லை. (கலை, கிலை எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது.)

இருபது வருடத்துக்கு முன், ஓர் ஆடி மாதம், சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு துரை என்னைக் கூப்பிட்டார். மலைக்குக் கீழே, வறண்ட காட்டுக்குள், அந்தக் காலத்து ராசாக்கள் கட்டிய குளங்களைப் படம் பிடித்து வர வேண்டுமாம். வழியில் உள்ள கடைத்தெருக்களும் வேண்டுமாம். “இந்த மாசம் கொளத்துல தண்ணி இருக்காதுங்க” என்றேன். அதுதான் வேண்டும் என்றார். தண்ணீர் இல்லாத குளத்தைச் சீமைக்குக் கொண்டுபோய் என்ன செய்வார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதே சமயம் கொஸ்லந்தவில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா முத்துக்கருப்பன் கங்காணி. தோட்டத்தில் ஒரு பெரிய கூட்டத்தையே ஒற்றை அதட்டலில் ஆண்டவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“போன வருசம் ஒருத்தன் வந்து எங்களைப் படம் புடிச்சான். எனக்கு மீசையே விழல. நான் மீசை இல்லாத ஆளா தம்பி?”

“இல்லைங்க.” (மீசை இருந்தது. கூரை இறக்கியது போல இருந்தது.)

“நாங்க குடும்பத்தோட கதிர்காமம் போறோம். நீங்களும் கொளத்துப் பக்கந்தானே வர்றீங்க? கூட வாங்க. எங்க எல்லாரையும் ஒரு படம் புடிங்க. எல்லா மூஞ்சியும் தெளிவா விழுந்தா தையில கல்யாணம். ஒரு மூஞ்சி கலங்கியிருந்தாலும் பேச்சு கெடையாது. சரிதானே?”

“சரிங்க.”

பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கங்காணியின் தங்கை மாரியாயி, “இவரு வேற ஏதாவது பேசுவாரா, இல்ல இவ்வளவுதானா?” என்று கேட்டார். அதற்கும் “சரிங்க” என்றேன்.

எனக்கு அந்தச் சம்பந்தம் வேண்டியிருந்தது. பெண் பொன்னுத்தாயி தண்ணீர்க் குடத்தோடு ஒரு தடவை என்னைக் கடந்து போனாள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு தடவைக்குப் பிறகு எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

புறப்படும் அன்று காலையில் கொஸ்லந்தக் கடைத்தெருவை எடுக்க நினைத்தேன். கேமராவை நிறுத்தியதும் துணிக்கடை நானா வெளியே வந்தார். “கடைய மட்டும் எடுக்கிறீங்களே தம்பி, கடை தானா நடக்குதா?” என்று சொல்லி நடுவில் நின்றார். அவரைப் பார்த்துத் தேநீர்க்கடைக்காரர் வந்தார். பிறகு வண்டிக்காரர்கள், அவர்களுடைய மாடுகள். விலகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துரைக்குக் கொடுத்த கொஸ்லந்தக் கடைத்தெருப் படத்தில் கடைத்தெருவைத் தவிர எல்லோரும் இருக்கிறார்கள்.

மலையிறங்கி வெல்லவாயவைத் தாண்டியதும் அந்தக் குளம் வந்தது. கரை மட்டும் கோட்டை மதில் போல நீண்டு கிடந்தது. உள்ளே ஓரத்தில் ஒரு கீற்றுத் தண்ணீர். மற்றதெல்லாம் வெயிலில் வெடித்து, சுட்ட ரொட்டி போலக் கிடந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கங்காணி தன் ஆட்களைக் கரைமேல் ஏற்றினார்.

“எல்லாரும் பெரட்டுல நிக்கிற மாதிரி நில்லுங்க!” என்று அதட்டினார். பெரட்டு என்றால், தோட்டத்தில் விடியற்காலை வேலைக்குப் போகுமுன் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. கங்காணி போகச் சொல்லாமல் அங்கே ஒரு கால்கூட நகராது. படக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? “நான் கையத் தூக்குனா அசையாதீங்க, எறக்குனா போகலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளத்துக்குள் இறங்கினேன்.

நடுவில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. கேமராவின் மூன்று காலுக்கும் அதில் சரியாக இடம் கிடைத்தது. என் இரண்டு காலுக்கு இல்லை. பரவாயில்லை என்று பாறைக்குப் பின்னால் வெடித்த மண்ணில் நின்றேன். மலையில் பிறந்தவனுக்கு மண் என்றால் மண். மேலே பொருக்கும் உள்ளே களியுமாக ஒரு மண் இருக்கும் என்று யார் கண்டது?

துணிக்குள் தலையை விட்டேன். கேமராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் விழும். நடுவில் பொன்னுத்தாயி தலைகீழாக நின்றாள். ஊரில் எல்லோரும் நேராகப் பார்க்கும் பெண்ணை நான் முதன்முதலாக நிதானமாகப் பார்த்தது அப்படித்தான். அதில் கொஞ்ச நேரம் கூடுதலாகப் போய்விட்டது. பிறகு கேமராவின் முன்கண்ணாடியை மூடிவிட்டு, படம் விழும் தகட்டைச் செருகினேன், முன்பக்கம் கையை நீட்டி அந்த மூடியைக் கழற்றிப் பாறையில் வைத்தேன், கையைத் தூக்கினேன். வெளிச்சம் மங்கல், அதனால் மூடி வெகுநேரம் திறந்திருக்க வேண்டும், அதைத் திரும்பப் போடும்வரை அசைகிற மூஞ்சி கலங்கிவிடும்.

அப்போதுதான் கேமரா உயரமாகிக்கொண்டு போவதைக் கவனித்தேன்.

குனிந்து பார்த்தேன். முழங்காலைக் காணோம். காலில் போட்டிருந்த இரவல் சப்பாத்து எங்கோ பாதாளத்தில் இருந்தது. கையை இறக்கினால் அவர்கள் ஓடிவந்து தூக்குவார்கள். ஆனால் எல்லா மூஞ்சியும் கலங்கும், கல்யாணம் நின்றுவிடும். முழங்கால்தானே என்று நினைத்தேன். தொடை வந்தது. தொடைதானே என்று நினைத்தேன். மூடியை எட்டிப் போட்டுவிடலாம் என்று பார்த்தால் கை எட்டவில்லை. தூக்கிய கையோடு இடுப்புவரை இறங்கினேன்.

கரையில் ஒருவரும் அசையவில்லை. மாரியாயி அத்தை பிறகு சொன்னார்: “மொதல்ல முழு மனுசன் நின்னாரு. பாத்துக்கிட்டே இருக்கோம், பாதி மனுசன். படம் புடிக்கிற மொறையே அப்படித்தான்னு நெனச்சோம்.”

வரிசை உடைந்தது ஒரே ஓர் இடத்தில். பொன்னுத்தாயி கரையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். “ஏய்! பெரட்ட விட்டு எங்க போற!” என்று கங்காணி உதட்டை அசைக்காமலே அதட்டினார். அவள் கெட்டி மண் வழியாக வந்து பாறைமேல் ஏறிக் கையை நீட்டினாள்.

“கையக் குடுங்க.”

கல்யாணத்துக்கு முன் பெண் கையைப் பிடிப்பதா, அதுவும் மாமனார் பார்க்க? என் வருங்கால மனைவியிடம் நான் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

“பரவாயில்லைங்க, இருக்கட்டும்.”

“எது இருக்கட்டும்? இன்னும் கொஞ்ச நேரத்துல நீங்களே இருக்க மாட்டீங்க!”

“அப்ப… அந்த மூடிய மொதல்ல போட்டுருங்க.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடியைப் போட்டாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கங்காணி “போகலாம்!” என்று கத்தியதும் மற்றவர்களும் ஓடிவந்து இழுத்தார்கள். நான் வந்தேன். என் வேட்டி வரவில்லை.

(கறுப்புத் துணியின் அருமை எனக்கு அன்றுபோல் என்றும் விளங்கியதில்லை. அதை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் நாங்கள் இரவு தங்கிய முகாம்வரை நடந்தேன். அதற்குமேல் ஒரு குளத்துக்குள்ளும் இறங்கவில்லை. துரையின் குளங்கள் எல்லாம் கரையிலிருந்தே எடுத்தவை.)

பதுளையில் தகட்டைக் கழுவினேன். கங்காணியின் மீசை மயிர் மயிராக விழுந்திருந்தது. மாரியாயி அத்தையின் வாயில் வெற்றிலை அடக்கியிருப்பதுகூடத் தெரிந்தது. எல்லோரும் சிலை போல நின்றார்கள். நடுவில் மட்டும் ஒரு புகை, கரையிலிருந்து சரிந்து இறங்கி வந்தது.

படத்தைக் கொஸ்லந்தவுக்குக் கொண்டுபோனேன். கங்காணி வெகுநேரம் பார்த்தார்.

“ஒரு மூஞ்சி கலங்கியிருக்கு.”

“ஆமாங்க.”

“பேச்சுன்னா பேச்சு.”

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வேறென்ன சொல்வது?

கதவுக்குப் பின்னாலிருந்து பொன்னுத்தாயி, “கலங்குனது என் மூஞ்சிப்பா. நான் நேர்ல நிக்கிறப்ப படத்துல எதுக்குத் தேடுறீங்க?” என்றாள்.

“அண்ணே,” என்றார் மாரியாயி அத்தை, “வேட்டி இல்லாம மாப்பிள்ளையைத் தோட்டமே பாத்தாச்சு. இனிமே வேற எங்க போயிப் பொண்ணு கேப்பாரு? பாவம், குடுத்துரு.”

கங்காணி மறுபடி படத்தைப் பார்த்தார். மீசையைத் தடவினார், முதலில் படத்திலிருந்ததை, பிறகு தன்னுடையதை.

“மீசை நல்லா விழுந்திருக்கு” என்றார். அவ்வளவுதான் சம்மதம். தையில் கல்யாணம் நடந்தது.

அந்தப் படம் பதுளையில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. புதிதாக யார் வந்தாலும், “இதுல உங்க சம்சாரம் எங்க?” என்று கேட்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். என் கடைசிப் பெண் நாற்காலியில் ஏறி அந்தப் புகைமேல் விரலை வைப்பாள்.

“இந்தா, இதுதான் எங்க அம்மா. ஓடுறாங்க.”

“அப்ப அப்பா எங்க?” என்று வந்தவர் கேட்பார்.

“அப்பா படத்துல இல்ல. அவரத் தூக்கத்தான் அம்மா ஓடுறாங்க.”

பதுளை, 1924, ஐப்பசி 9.