தராசுக்காரரின் சிவப்புக் கோட்டு

கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டே நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் பண்டிகையை அத்தனை பக்தியோடு கொண்டாடியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், என் பக்கத்துக் காம்பராவில் இருந்தார். நடுவில் ஒற்றைச் சுவர். அவருடைய குறட்டையையும் கொள்கையையும் அந்தச் சுவர் வழியாக இருபது வருஷம் கேட்டவன் என்பதால் இதை நான் அடித்துச் சொல்வேன்.

அவர் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. தராசுக்காரர் என்றால் நோர்வூட் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். பெண்கள் பறித்துக்கொண்டு வரும் கொழுந்தை, நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் நிறுப்பது அவர் வேலை. ஈரத்துக்கு என்று சாக்குக்கு இரண்டு கிலோ கழிப்பார். அது தோட்டத்துச் சட்டம். சட்டத்துக்கு வெயில் மழை தெரியாது. அதனால் அவருக்கும் தெரியாது.

"வெயில் மண்டையப் பொளக்குது. ஈரம் எங்கருந்துங்க வந்துச்சு?" என்று பெண்கள் சண்டைக்கு வருவார்கள்.

"ஒங்க வேர்வைதான்."

"நீங்க செத்தாலும் ரெண்டு கிலோ கழிச்சுத்தான் பொதைப்போம், பாத்துக்கங்க!"

"தாராளமா கழிங்க. தூக்கிட்டுப் போறவங்களுக்கு லேசா இருக்கும்."

நாள் முழுக்கத் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, தராசில் ஏறாத எதையும் அவர் நம்பமாட்டார். பேய், திருஷ்டி, ராகுகாலம், தேர்தல் நேரத்து வாக்குறுதி, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "நிறுத்துக் காட்டு, நம்புறேன்."

ஒரு தடவை மாரியம்மன் கோயில் பூசாரி அவரை மடக்கப் பார்த்தார். "காத்து இருக்குன்னு நம்புறீங்கல்ல? அத நிறுத்துக் காட்டுங்க பாப்போம்!"

தராசுக்காரர் போய் ஒரு லொறி டியூபை உருட்டிக்கொண்டு வந்தார். காற்றில்லாமல் ஒரு தடவை நிறுத்தார். காற்றை அடைத்து இன்னொரு தடவை நிறுத்தார். முள் ஒரு மயிரிழை நகர்ந்தது. நகர்ந்ததாக அவர் சொன்னார். பூசாரிக்குக் கண் பார்வை மட்டம். அவரும் நகர்ந்தது என்றே ஒப்புக்கொண்டார். அந்த வருஷத் திருவிழா முடியும் வரைக்கும் பூசாரி அவர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

இப்படிப்பட்ட மனிதர் தீபாவளிக்குத் தூங்குவார். பொங்கலுக்குப் பொங்கலை மட்டும் சாப்பிடுவார். ஆனால் நவம்பர் பிறந்துவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவார். மூங்கில் வெட்டி, டிசு பேப்பர் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து, வாசலில் ஒரு நட்சத்திரம் தொங்கவிடுவார். தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆறு. அந்த ஆறு வீட்டு நட்சத்திரங்களையும் சேர்த்துக் கட்டினாலும் இவருடையதில் பாதி வராது.

பிறகு கேக். நோர்வூட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் ரவை, கஜு, பிளம்ஸ், சர்க்கரையில் ஊறிய பூசணித் தோசி எல்லாம் வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு போவார். நான் பை பிடிக்க. பேச எனக்கு வராது, பை பிடிக்க நன்றாக வரும்.

நானா ஒருநாள் பிளம்ஸை அள்ளிக்கொண்டே கேட்டார். "நீங்களும் வேதக்காரர் இல்ல. நானும் இல்ல. இந்தா நிக்கிற ராசுவும் இல்ல. நம்ம மூணு பேருக்கும் நத்தாருக்கு என்னத்துக்கு இவ்வளவு அவசரம்?"

"நானா, தீபாவளி நான் பொறந்தப்பவே என் தலையில வந்து விழுந்துச்சு. யாரும் என்னக் கேக்கல. நத்தார நானே தேடி எடுத்துக்கிட்டேன். அதுவும் இல்லாம, இந்தக் குளிருக்குத் தோதான பண்டிகை அது ஒண்ணுதான். கொழும்புக்காரன் அந்தச் சிவப்புக் கோட்ட போட்டா வெந்துடுவான். நம்மூருக்குன்னே தச்ச மாதிரி இருக்கு."

"ஏசுநாதரு?"

"நல்ல மனுசன். பொறந்த நாளு யாருக்கும் கொண்டாடலாம். ஒங்க பொறந்த நாளு எப்ப?"

நானாவுக்கு அது தெரியாது. ஆனால் சிரித்துக்கொண்டே ஒரு கை பிளம்ஸ் கூடப் போட்டார்.

பிளம்ஸ் ஒரு மாதம் சாராயத்தில் ஊறும். அடிக்கடி ருசி பார்ப்பார். ஊறியது போதுமா என்று பார்ப்பதற்காம். டிசம்பர் நடுவில் மாவைத் தட்டுகளில் ஊற்றி, டவுன் பேக்கரியில் சுட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். அந்த பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் சந்தோஷமாகவே இறங்குவார்கள்.

இதெல்லாம் சும்மா. அவருக்கு உயிர் அந்தச் சிவப்புக் கோட்டில்தான் இருந்தது.

எங்கள் தோட்டத்துச் சின்ன சர்ச்சில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதற்குள் நத்தார் தாத்தாவின் கோட்டும் குல்லாவும் பஞ்சுத் தாடியும் இருக்கும். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கோட்டு தராசுக்காரருக்குத்தான். அவ்வளவு பெரிய வயிறும், மலை இடிகிற மாதிரிக் குரலும் ஆறு குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை. சர்ச்சைப் பார்த்துக்கொண்ட பழைய உபதேசியாரோடு அவருக்கு ஓர் ஒப்பந்தம். பாட்டுக் கோஷ்டியோடு லயம் லயமாக வருவார், ஆடுவார், "ஹோ ஹோ" என்பார். ஜெபம் செய்யும் நேரத்தில் மட்டும் வெளியே போய் நிற்பார். வீட்டுக்குள் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்க, வாசலில் நத்தார் தாத்தா தாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு பீடி குடிப்பார்.

கடைசியில் ஊர்வலம் கொழுந்து மடுவத்துக்கு வரும். அங்கேதான் உச்சக்கட்டம். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம், எந்தச் சாமியைக் கும்பிடுகிற பிள்ளையானாலும் சரி, வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றையும் கொழுந்துச் சாக்கில் உட்காரவைத்து, தராசுக் கொக்கியில் மாட்டிவிடுவார். முள்ளைப் பார்ப்பார்.

"பதினாறு கிலோ! சிரிப்புக்கு ரெண்டு கிலோ கூட! பதினெட்டு!" என்று கத்திவிட்டு, அதற்கேற்ற மாதிரி டொபி மிட்டாயை அள்ளிப் போடுவார்.

வருஷம் முழுக்கக் கழிக்கிற மனிதர் கூட்டிச் சொல்கிற நாள் அது ஒன்றுதான். சாக்கும் கூடையுமாக நின்று சண்டை போட்ட பெண்கள்கூட அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பழைய உபதேசியார் மாற்றலாகிப் போனார். புதியவர் இளைஞர். நல்லவர். தன் நான்கு வயது மகளைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நடப்பார். ஆனால் சட்டம் என்றால் சட்டம். அந்த விஷயத்தில் அவரும் ஒரு தராசுக்காரர்தான்.

"நம்பிக்கை இல்லாதவரு இந்தக் கோட்ட போட்டா அது நாடகமாப் போயிடும்," என்றார்.

"தாடி பஞ்சு. மூக்குல இருக்கிறது லிப்ஸ்டிக்கு. வயிறு மட்டுந்தான் நெசம். இது நாடகம் இல்லாம வேற என்னங்க?" என்றார் தராசுக்காரர்.

"ஒரே ஒரு வார்த்தை. 'விசுவாசிக்கிறேன்'னு சர்ச்சுல எல்லாருக்கும் முன்னாடி சொல்லிடுங்க. கோட்டு ஒங்களுக்குத்தான்."

தராசுக்காரர் தகரப் பெட்டியின் மூடியைச் சாத்தினார். பிறகு, "வராதுங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் வாசல் நட்சத்திரத்தில் லைட் எரியவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு வார்த்தைதானேண்ணே. சொல்லிட்டுப் போட்டுக்க வேண்டியதுதானே?" என்று சுவர் வழியாகக் கேட்டேன். எதையும் சுவர் வழியாகக் கேட்பது எனக்குச் சுலபம்.

"இத்தன வருசத்துல ஒரு நாள் முள்ளுல கை வச்சிருக்கேனாடா? இப்ப வைக்கச் சொல்றியா?"



மறுநாள் உபதேசியார் என்னைத் தேடி வந்தார். நான் கும்பிடுவது முருகனை. அதைச் சொன்னேன். "பரவாயில்ல, ஏதோ ஒண்ணு மேல நம்பிக்கை இருந்தாச் சரி. அதோட, நீங்க எதுத்தும் பேசமாட்டீங்க," என்றார். பேசாமல் இருந்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது. 'முடியாது' என்று சொல்லவும் பேச வேண்டுமே! கோட்டு என் கைக்கு வந்துவிட்டது.

போட்டுப் பார்த்தேன். குரங்கு விரட்டக் குச்சியில் மாட்டிவைத்த சட்டை மாதிரி இருந்தது.

தராசுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். மூன்றாம் நாள் அவரே சுவரைத் தட்டினார். "டேய் ராசு, எங்க, ஹோ ஹோ சொல்லு பாப்போம்."

சொன்னேன்.

"மாட்டுக்கு இருமல் வந்த மாதிரி இருக்கு. அடிவயித்துலருந்து வரணும்டா!"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பயிற்சி. அவர் அந்தப் பக்கம் ஒரு "ஹோ", நான் இந்தப் பக்கம் ஒரு "ஹோ". ஒரு வாரம் கழித்து அடுத்த காம்பரா அக்கா கசாயத்தோடு வந்துவிட்டார். "ராசு, வயித்து வலின்னா வாய் விட்டுச் சொல்லலாம்ல?"

நத்தாருக்கு முதல் நாள் வந்தது. வேலை விட்ட கையோடு ஊர்வலம் கிளம்பியது. கோட்டுக்குள் இரண்டு தலையணை. முதல் லயத்தில் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அந்தக் காற்றை நிறுத்திருந்தால் முள் அசைந்திருக்காது.

"இது நம்ம ராசு மாமா!" என்றது ஒரு பொடிசு. இன்னொன்று அழ ஆரம்பித்தது.

அப்போதுதான் பின்னால் இருந்த தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து மலை இடிந்தது. "ஹோ! ஹோ! ஹோ!"

பிள்ளைகள் துள்ளின. நான் சட்டென்று வாயை அசைத்தேன். அதற்குப் பிறகு லயத்துக்கு லயம் இதே கதைதான். வாய் என்னுடையது, குரல் செடிகளுடையது. மூன்றாவது லயத்தில் நான் தாடியைச் சரி செய்துகொண்டு வாயை மூடியிருந்த நேரத்திலும் "ஹோ ஹோ" கேட்டது. உபதேசியார் செடிகளைப் பார்த்தார். செடிகள் குனிந்துகொண்டன. அவர் அடுத்த பாட்டைச் சத்தமாக ஆரம்பித்தார்.

மடுவத்துக்கு வந்தோம். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக உபதேசியாரின் மகள். சாக்கைக் காட்டி, "என்னத் தூக்கி மாட்டுங்க," என்றாள். தராசு தொங்குகிறது, கோட்டு என் மேல் இருக்கிறது, நூறு கண்கள் என்னையே பார்க்கின்றன. வெளியே, சாரல் மழையில், செடிக்குப் பின்னால் ஒரு மனிதர் நனைந்துகொண்டு நிற்கிறார். நான் மாட்டிவிட்டால் அந்தக் கோட்டு இனி எனக்குத்தான், எப்போதைக்கும்.

பத்துப் பேருக்கு முன்னால் நான் வாய் திறந்து பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"எனக்கு நிறுக்கத் தெரியாதுங்க. தெரிஞ்சவரு வெளிய நனையுறாரு. இந்தக் கோட்டு எனக்குப் பெரிசு."

சொல்லிக்கொண்டே கழற்றிவிட்டேன். இரண்டு தலையணையும் தரையில் விழுந்தன. யாரும் சிரிக்கவில்லை. உபதேசியார் என்னைப் பார்த்தார். கையை நீட்டிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் இருட்டுகிற மலையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே! நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வந்து நிறுங்க."

தராசுக்காரர் தலையில் தேயிலைக் குச்சியும், காலில் ரத்தம் குடிக்கும் இரண்டு அட்டையுமாக வந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டார். உபதேசியார்தான் பித்தான் மாட்டிவிட்டார். தராசுக்காரர் சின்னவளைச் சாக்கில் வைத்துத் தூக்கி மாட்டி, முள்ளைப் பார்த்தார்.

"பதிமூணு கிலோ! சிரிப்புக்கு ரெண்டு கூட! பதினஞ்சு!"

"அண்ணே, ஈரம் கழிக்கலயா?" என்று உபதேசியார் கேட்டார். மடுவம் அதிர்ந்தது. பெண்கள் போட்ட சத்தத்தில் கூரைத் தகரம் கழன்றுவிடும் போலிருந்தது. எல்லோரும் அடங்கியதும் உபதேசியார் ஜெபத்துக்குக் கண்ணை மூடினார். நத்தார் தாத்தா ஒப்பந்தப்படி வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

போன வருஷம் அவர் வேலையிலிருந்து ஓய்ந்து, தலவாக்கலையில் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது நட்சத்திரத்தை என் வாசலில் மாட்டிவிட்டுப் போனார். கோட்டு இப்போது எனக்குத்தான். டவுனில் கொடுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும்போது இன்னமும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அப்போது திரும்பிச் செடிகளை ஒரு தடவை பார்ப்பேன். அவர் அங்கேதான் குனிந்து நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். உடனே அடிவயிற்றிலிருந்து குரல் வந்துவிடும். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் நிறுத்துக் காட்டச் சொல்வார்.